வேலையை விடாத எழுத்தாளரின் படம்

கலைஞர்களின் வாழ்க்கையைப் படமாக்குகிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு தடம் இருக்கிறது. சின்ன வயதில் வறுமை, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு குமாஸ்தா வேலை, மேலதிகாரியின் ஏச்சு, ஒருநாள் ராஜினாமாக் கடிதம், அதற்கப்புறம் கைத்தட்டல். பார்க்கிற நாமும் அந்த ராஜினாமாக் காட்சிக்காகத்தான் காத்திருக்கிறோம். 2003-ல் அமெரிக்காவில் வெளியான ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’ படத்தில் அந்தக் காட்சி வராது. எழுத்தாளர்களைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இதை முதல் வரிசையில் வைக்க எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

படம் சொல்வது ஹார்வி பீக்கரின் வாழ்க்கையை. ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரில் 1939-ல் பிறந்தவர். பெற்றோர் போலந்தின் பியாலிஸ்டாக்கிலிருந்து வந்த யூதர்கள். அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். வீட்டில் பேசிய மொழி இட்டிஷ். கல்லூரியை முடிக்கவில்லை. 1960-களின் நடுவில் அவ்வூரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கோப்பு எழுத்தராகச் சேர்ந்தார். 2001-ல் ஓய்வுபெறும்வரை அதே வேலையில்தான் இருந்தார். பதவி உயர்வு வந்தபோதும் வேண்டாம் என்றார். இடையில், 1976-லிருந்து, ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தன் சொந்தக் காசில் ஒரு காமிக்ஸ் இதழ் வெளியிட்டார். அந்த இதழின் பெயர்தான் படத்தின் பெயரும்.

நானும் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்கள் பேச்சில் அது ரெக்கார்டு ரூம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் கேஸ் ஷீட் வார்டிலிருந்து எங்களிடம் வரும். பக்கங்களைச் சரிபார்த்து, டாக்டர் கையெழுத்து விடுபட்டிருந்தால் திருப்பி அனுப்பி, ஐ.பி. நம்பர் வரிசையில் கட்டி அடுக்க வேண்டும். போலீஸ் வழக்கான எம்.எல்.சி. கட்டுகளுக்குத் தனி பீரோ. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் எந்தக் கட்டில் எந்தத் தாள் என்று அன்றே எடுத்துக் கொடுக்க வேண்டும். இறந்தவர்களின் கட்டுகளும் அதே அறையில்தான் இருந்தன. இந்த வேலையைச் சினிமாவில் யாராவது மதித்துக் காட்டியிருக்கிறார்களா என்று யோசித்தால், எனக்குத் தெரிந்து பீக்கரின் படம் ஒன்றுதான். பீக்கராக நடிக்கும் பால் ஜியாமாட்டி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடக்கும் நடையில், முதுகின் கூனலில், ஒரு கட்டைப் பார்க்காமலே இழுக்கும் கையில் அந்த வேலை தெரிகிறது.

படத்தில் ஒரு காட்சியில், இறந்துபோன ஒருவரின் கோப்பைப் பீக்கர் பிரித்துப் பார்க்கிறார். அந்த மனிதரும் குமாஸ்தா. அதே ஊரிலேயே வாழ்ந்து முடிந்தவர். மொத்த வாழ்க்கையும் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. நாமும் இப்படி ஒரு கட்டாகத்தான் மிஞ்சப்போகிறோமா என்ற கேள்வி அவரை உலுக்குகிறது. அந்த உலுக்கலோடு வீட்டுக்குப் போய் எழுத உட்காருகிறார். மறுநாள் காலையில் மறுபடியும் அதே அலமாரிக்கு வருகிறார். எழுத்தையும் வேலையையும் இந்தப் படம் எதிரெதிராக நிறுத்தவில்லை. அங்கே கேட்ட பேச்சு, அங்கே வந்த கோபம், மிஸ்டர் போட்ஸ் என்ற முதிய சக ஊழியரின் உபதேசம், டோபி என்ற நண்பரின் விநோத உச்சரிப்பு எல்லாம் நேராகப் பக்கத்துக்குப் போயின. மாதச் சம்பளம் வந்ததால்தான் விற்காத இதழை அவரால் ஆண்டாண்டாக அச்சடிக்க முடிந்தது. கையைக் கடித்தாலும் யாருக்கும் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு முந்தைய காமிக்ஸ் உலகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூப்பர்மேன் பிறந்ததும் இதே கிளீவ்லேண்டில்தான். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கி, 1938-ல் 130 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டு, வாழ்நாளெல்லாம் அதற்காக வருந்தினார்கள். 1954-ல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கைக் குழுவை வைத்துக்கொண்டார்கள். அதன் முத்திரை இல்லாத இதழ்களைக் கடைகளுக்கு எடுத்துப்போக மொத்த வியாபாரிகள் தயங்கினார்கள். அந்த முத்திரையே வேண்டாம் என்று 1960-களின் கடைசியில் கிளம்பியவைதான் தலைமறைவு காமிக்ஸ் இதழ்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1968-ல் ‘ஜாப்’ இதழைக் கொண்டுவந்த ராபர்ட் கிரம்ப் அதன் பெரிய பெயர். போதை, பாலுறவு, அரசியல் என்று விலக்கப்பட்டதையெல்லாம் அவர்கள் வரைந்தார்கள்.

கிரம்ப் அதற்கு முன்பு கிளீவ்லேண்டில் ஒரு வாழ்த்து அட்டை நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். பழைய ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்கும் பைத்தியம் அவருக்கும் பீக்கருக்கும் உண்டு. 1962-ல் அதுதான் அவர்களை நண்பர்களாக்கியது. பீக்கருக்கு வரையத் தெரியாது. கட்டம் போட்டு, குச்சி உருவங்களை நிறுத்தி, மேலே பேச்சை எழுதிக் கிரம்பிடம் நீட்டினார். நான் வரைகிறேன் என்று கிரம்ப் வாங்கிக்கொண்டார். முத்திரையில்லாத அந்தச் சுதந்திரத்தைப் பீக்கர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் சில்லறைக்காக வாதாடும் மூதாட்டிக்குப் பின்னால் நிற்பது ஒரு கதை. டெலிபோன் டைரக்டரியில் தன் பெயரிலேயே இன்னொருவர் இருப்பதைக் கண்டு குழம்புவது இன்னொரு கதை. இந்த இரண்டையும் கிரம்ப் வரைந்தார். படத்திலும் இரண்டும் வருகின்றன. யாரும் தடை செய்யாத, ஆனால் யாரும் சொல்லவும் துணியாத விஷயம் ஒரு குமாஸ்தாவின் சாதாரண நாள். அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

இயக்குநர்கள் ஷாரி ஸ்பிரிங்கர் பெர்மனும் ராபர்ட் புல்சினியும் ஆவணப்படத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்திருக்கிறது. ஜியாமாட்டி பீக்கராக நடிக்கிறார். உண்மையான பீக்கரும் படத்தில் இருக்கிறார். கரகரத்த குரலில் கதை சொல்வதும் அவரே. நடிக்கிறவன் என் சாயலில் இல்லையே என்பதுபோல் அவர் சொல்லும்போது, நாம் அதுவரை நம்பியிருந்த முகம் ஒரு நடிகரின் முகம் என்பது உறைக்கிறது. ஓரிடத்தில், நிஜமான பீக்கரும் நிஜமான டோபியும் ஜெல்லி மிட்டாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களாக நடிக்கும் ஜியாமாட்டியும் ஜூடா ஃப்ரீட்லாண்டரும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டோபியின் பேச்சும் அசைவும் மிகைநடிப்பு என்று நினைத்தவர்களுக்கு அங்கேதான் தெரியும், ஃப்ரீட்லாண்டர் அடக்கித்தான் வாசித்திருக்கிறார் என்று.

வாழும் மனிதரைப் பற்றிப் படம் எடுக்கும்போது இப்படி அவரையே பக்கத்தில் நிறுத்துவது பெரிய நேர்மை என்று நினைக்கிறேன். ஒப்பனையும் பின்னணி இசையும் ஒரு மனிதரை எவ்வளவு சுலபமாகச் சிலையாக்கிவிடும் என்று நாம் நிறையவே பார்த்துவிட்டோம். இங்கே சிலையாக்க வழியே இல்லை. பக்கத்தில் அந்த ஆள் வழுக்கைத் தலையும் எரிச்சலுமாக உட்கார்ந்திருக்கிறார்.

டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பீக்கர் 1986-லிருந்து பலமுறை போனார். வேறு படமாக இருந்தால் அதுவே உச்சகட்டம். இங்கே ஜியாமாட்டி அறையிலிருந்து மேடைக்குப் போகிறார். மனைவியாக நடிக்கும் ஹோப் டேவிஸ் டிவிப் பெட்டியைப் பார்க்கிறார். பெட்டியில் தெரிவது அன்று உண்மையில் ஒளிபரப்பான நிஜப் பீக்கர். அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் பாதி அவரைப் பார்த்து. அது அவருக்கும் தெரியும். 1988-ல் அவர் வெடித்தார். என்.பி.சி. தொலைக்காட்சியை வாங்கியிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைப் பற்றி அந்த நிறுவனத்தின் மேடையிலேயே பேசப் பிடிவாதம் பிடித்தார். அதன்பின் சில ஆண்டுகள் அவரை அழைக்கவில்லை. அந்தக் கடைசிச் சண்டையை மட்டும் படத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். அதை மனம் நொந்த ஒருவரின் கொந்தளிப்பாகவே அதிகம் காட்டியிருப்பது எனக்குக் குறைதான். ஆயுதமும் அணு உலைக் கருவியும் செய்கிற ஒரு நிறுவனம் தொலைக்காட்சியை வைத்துக்கொள்ளலாமா என்பது தெளிவான அரசியல் கேள்வி. மாதச் சம்பளக்காரர் ஒருவர் அதைத் தேசிய ஒளிபரப்பில் கேட்டார். படம் அதற்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

பீக்கரின் மனைவி ஜாய்ஸ் பிராப்னரின் விஷயத்திலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. டெலவேரில் காமிக்ஸ் கடை நடத்திய அவர், ஒரு இதழ் கைக்குக் கிடைக்காமல் பீக்கருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய உறவு அது. 1984-ல் மணந்துகொண்டார்கள். ஹோப் டேவிஸ் அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் திரையில் நாம் பெரும்பாலும் காண்பது மனச்சோர்வோடு படுக்கையில் கிடக்கும் பெண்ணை, எல்லோருக்கும் நோய்ப்பெயர் சூட்டும் பெண்ணை. உண்மையான ஜாய்ஸ், போரின் நிஜத்தைச் சொல்லும் காமிக்ஸ் தொகுப்பை 1987-ல் பதிப்பித்தவர். அமெரிக்க உளவுத்துறையின் ரகசிய வேலைகளைப் பற்றிய நூலுக்கு ஆலன் மூர் போன்றவர்களை எழுதவைத்தவர். அமைதிப் பணிக்காக அவர் வெளிநாடு போவதைப் படம் காட்டாமலில்லை. ஆனால் கணவருக்கு ஏற்படும் தனிமையாகத்தான் அந்தப் பயணம் திரையில் பதிகிறது. எழுத்தாளரின் மனைவியும் எழுத்தாளர் என்பதைச் சினிமா எளிதில் மறந்துவிடுகிறது.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது புற்றுநோய்ப் பகுதி. 1990-ல் பீக்கருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிகிறது. அவர் ஒடுங்கிப்போகிறார். இதையும் எழுது, காமிக்ஸாகச் செய் என்று தள்ளுகிறவர் ஜாய்ஸ். இருவரும் சேர்ந்து எழுதி, ஃபிராங்க் ஸ்டாக் வரைந்து, 1994-ல் ‘அவர் கேன்சர் இயர்’ புத்தகமாக வந்தது. மருத்துவமனையில் பிறருடைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் தன் நோயின் கோப்பைத் தானே எழுதினார். கேஸ் ஷீட்டில் மருந்தின் அளவும் ரத்த எண்ணிக்கையும் இருக்கும். மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்ததும், மனைவியிடம் எரிந்து விழுந்ததும், பயமும் அதில் இராது. ஆயிரக்கணக்கான கட்டுகள் என் கையில் ஏறி இறங்கியிருக்கின்றன. எந்தக் கட்டிலும் இல்லாததை அந்தப் புத்தகம் வைத்திருக்கிறது.

படம் சன்டான்ஸ் விழாவில் முதல் பரிசு பெற்றது. கான் விழாவில் விமர்சகர்கள் பரிசு பெற்றது. தழுவல் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. இதெல்லாம் நடந்தபோது பீக்கர் ஏற்கெனவே ஓய்வூதியக்காரர். 2001-ல் மருத்துவமனையில் நடந்த அவருடைய பணிநிறைவு விருந்தில் எடுத்த நிஜக் காட்சிகளோடுதான் படம் முடிகிறது. கேக் வெட்டுகிறார்கள், சக ஊழியர்கள் கட்டிக்கொள்கிறார்கள். பரிசு மேடை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஆபீஸ் விருந்தை வைத்த இயக்குநர்களுக்கு என் வணக்கம். 2010 ஜூலையில், தன் 70-வது வயதில், பீக்கர் காலமானார்.

நம்மூரிலும் வாழ்க்கை வரலாற்றுப் படம் எடுக்க இப்போது ஆர்வம் பெருகியிருக்கிறது. எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஞ்சல் நிலையத்திலும் மின்வாரியத்திலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் தமிழில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பார்த்த வேலையைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடாதீர்கள். அவருடைய மேஜை, சக ஊழியர்கள், மதிய சாப்பாட்டு நேரப் பேச்சு, ஓய்வுபெற்ற நாள் எல்லாவற்றையும் விசாரித்து எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால் கேமராவுக்கு முன் உட்காரவைத்து, உங்கள் படத்தில் எது பொய் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.