மணலும் கண்ணாடித் திரையும்

கல்வியிற் புதுமை என்றதும் நம் பெற்றோரின் நினைவு கைத்தொலைபேசியையும் கணினியையுமே நாடுகின்றது. கருவி வந்துவிட்டால் கல்வியும் வந்துவிடும் என்பது பலரது நம்பிக்கை. ஆயின், தமிழ் மண்ணிலிருந்து உலகெங்கும் பரவிய ஒரு புதுமையின் வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது.

1789ஆம் ஆண்டில், சென்னை எழும்பூரில் படைவீரரின் பிள்ளைகளுக்கென அமைந்த விடுதிப் பள்ளிக்கு அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றிற் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். விசயதசமியன்று ஏடு தொடக்குகையிற் குழந்தையின் விரல்பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் நமக்கு இது புதிதன்று. அவருக்கோ பெரும் புதுமை. தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே அரிவரி வகுப்பை ஒரு மாணவனிடமே ஒப்படைத்தார். அவன் வெற்றி கண்டான். நம் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை ஆற்றிவந்த பணியும் இஃதேயன்றோ! 1797இல் பெல் இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

அங்கே அது குன்றியதும் உண்டு. செலவு குறையும் என்பதற்காக ஓராசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இருத்தினர். பொருளுணராத ஒப்புவித்தலே மிஞ்சிற்று. மாணவன் ஆசிரியருக்குத் துணையாகலாம்; ஈடாகான்.

1999இல் சுகதா மித்திரா என்னும் அறிஞர் தில்லியின் கல்காஜிப் பகுதியில், குடிசைப் பிள்ளைகள் அணுகத்தக்கவாறு சுவரொன்றிற் கணினியைப் பதித்தார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்து அதனை இயக்கக் கற்றனர். மணல் திரையாயிற்று, முறை மாறவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா நோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கருவி உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் வெளிப்பட்டது. பேசாலையிலோ வங்காலையிலோ, வீட்டின் ஒரே கைத்தொலைபேசி தந்தையுடன் கடலுக்குச் சென்றுவிடின், பிள்ளைக்குப் பாடம் ஏது?

ஆளுக்கொரு கருவி வேண்டும் என்று காத்திருத்தல் தகாது. ஒரு கருவியைச் சூழ ஐந்து பிள்ளைகள் அமரட்டும். காற்று மின்சாரமாகும் விதத்தைப் படக்காட்சியிற் கண்டபின், மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளையும் நேரிற் காணட்டும். பின்னர் மூத்த மாணவி தன் சொந்தச் சொற்களில் இளையோருக்கு விளக்கட்டும். விளக்க முற்படும்போதே தனக்கு விளங்காத இடம் அவளுக்குப் புலப்படும். அந்த இடத்திற் கைகொடுப்பதே ஆசிரியர் கடன்.

பெற்றோரே, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்று என்ன படித்தாய்?" என்பதோடு நில்லாது, "இன்று யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள்.