நீட் பாஸ் பண்ணியாச்சு... சிதம்பரத்தில் சீட் கிடைக்குமா? 150 இடங்களின் கணக்கு இதுதான்

நீட் ரிசல்ட் வந்ததும் கடலூர் மாவட்டத்துப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி: "புள்ள பாஸ் ஆயிடுச்சு, சிதம்பரத்துல சீட் கிடைச்சிடுமா?"

பாஸ் என்பது வரிசையில் நிற்கக் கிடைக்கும் டோக்கன், அவ்வளவுதான். 2025ல் தமிழ்நாட்டில் நீட் எழுதிய சுமார் 1.35 லட்சம் பேரில் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருப்பதோ 5 ஆயிரம் சொச்சம் இடங்கள்.

சரி, சிதம்பரம் கணக்குக்கு வருவோம். அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியில் (பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி) 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். இதில் 15%, அதாவது 22 அல்லது 23 இடங்கள், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி சுமார் 127. அதில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டுக்கு 9 அல்லது 10 இடம். மிச்சமிருக்கும் 118 இடங்களை 69% இடஒதுக்கீட்டின்படி பிரித்தால், தோராயமாக, பொதுப் பிரிவு 36, பி.சி. 31, பி.சி. முஸ்லிம் 4, எம்.பி.சி. 24, எஸ்.சி. 18, அருந்ததியர் 3 அல்லது 4, எஸ்.டி. 1.

பொதுப் பிரிவின் 31% எல்லா சமூகத்தினருக்கும் திறந்தது. ரேங்க் நன்றாக இருந்தால் பி.சி., எம்.பி.சி. மாணவர்களும் அங்கே இடம் பிடிக்கலாம்; அப்போது அவர்களது சமூகப் பிரிவு இடம் குறையாது.

உள்ளூர்க்காரர் என்ற சலுகை எதுவும் கிடையாது. மாவட்டவாரியாக மருத்துவ இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் முறை ஒரு காலத்தில் இங்கே இருந்தது. 1968ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால் சிதம்பரம் மாணவி போட்டி போடுவது பண்ருட்டி, விருத்தாசலம் மாணவர்களோடு மட்டும் இல்லை. கன்னியாகுமரி வரை எல்லாரோடும்தான்.

மார்க்கை வைத்து கணக்குப் போடாதீங்க

"போன வருஷம் இத்தனை மார்க்குக்கு கிடைச்சுது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பினால் ஏமாற்றம்தான். 2024ல் திருத்தப்பட்ட முடிவுக்குப் பிறகும் 17 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். 2025ல் கேள்வித்தாள் கடினம். நாட்டிலேயே அதிகபட்ச மதிப்பெண் 686. பொதுப் பிரிவு தகுதி மதிப்பெண்ணும் 162லிருந்து 144க்கு இறங்கியது. ஒரே மார்க், இரண்டு வருஷத்தில் இரண்டு வேறு ரேங்க்.

பார்க்க வேண்டியது மாநில ரேங்க், அதைவிட முக்கியமாக சமூகவாரி ரேங்க். தேர்வுக் குழு வெளியிடும் போன வருஷத்து ஒதுக்கீட்டுப் பட்டியலில், இந்தக் கல்லூரியில் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் என்ன என்று தேடுங்கள். முதல் சுற்றை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். அகில இந்திய ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்கள் விலகும்போது அடுத்த சுற்றுகளில் கதவு கொஞ்சம் திறக்கும். மீண்டும் நீட் எழுதி வருபவர்களும் பட்டியலில் கணிசம் என்பதை முதல் முறை எழுதியவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

"அது காசு காலேஜ்" இல்லை

இந்தப் பேச்சு இன்னமும் ஓடுவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசு கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகும், இங்கே எம்.பி.பி.எஸ். கட்டணம் வருஷத்துக்கு 5 லட்சத்தைத் தாண்டியே இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது 13,610 ரூபாய். மாணவர்கள் 50 நாளுக்கும் மேலாகப் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, அரசுக் கல்லூரிக் கட்டணமே இங்கும் என்றானது. 2022ல் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் பக்கத்து மாவட்டங்களான கள்ளக்குறிச்சி, அரியலூருக்கு இடம் கிடைத்தது, கடலூருக்கு இல்லை. மாவட்டத்துக்கு இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி இது ஒன்றுதான்.

கட்டணம் குறைந்ததால் போட்டியும் கூடத்தான் செய்யும். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது பலர் "கிடைக்கிறதை மட்டும் போடுவோம்" என்று சுருக்கிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே போட்டால், கீழே உள்ள கல்லூரிக்கான வாய்ப்பு குறையாது. உங்கள் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து எது காலியாக இருக்கிறதோ அதுதான் ஒதுக்கப்படும். சிதம்பரம்தான் முதல் ஆசை என்றால் முதலில் அதையே போடுங்கள். அடுத்த வரிசையில் மற்ற அரசுக் கல்லூரிகள் அத்தனையும் இருக்கட்டும்.