ஒரே சட்டத்துக்குள் சென்னையும் அண்ணாமலை நகரும்: நமக்கு என்ன லாபம், எங்கே கவனம் தேவை?

சிதம்பரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நகராட்சி. அந்தப் பக்கம், பல்கலைக்கழகத்தைச் சுற்றி, அண்ணாமலை நகர் பேரூராட்சி. அப்படியே வடக்கே பஸ் ஏறினால் கடலூர், 2021 முதல் மாநகராட்சி. ஒரே மாவட்டத்தில் மூன்று வகை நகர உள்ளாட்சிகள். இந்த மூன்றுக்கும், 200 வார்டு கொண்ட சென்னை மாநகராட்சிக்கும் இப்போது ஒரே சட்டம்தான்: தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998.

சட்டத்தின் பெயரில் 1998 என்று இருந்தாலும், இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13-ல். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, கடை உரிமம் என்று நம் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற பல விஷயங்கள் இதற்குள் வருகின்றன. ஆனால் இப்படி ஒரு சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

எதற்காக ஒரே சட்டம்?

அதற்கு முன்பு இருந்த நிலைமையைப் பார்த்தால் காரணம் புரியும். சென்னைக்கு 1919-ம் ஆண்டின் சட்டம். நகராட்சிகளுக்கு 1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். பிற்காலத்தில் பேரூராட்சிகளும் இதன் கீழேயே வந்தன. மதுரைக்கு 1971-ல் தனிச் சட்டம், கோவைக்கு 1981-ல் இன்னொன்று. 1994-ல் திருச்சி, நெல்லை, சேலம் மாநகராட்சிகள் பிறந்தபோது, 'கோவை சட்டத்தின் பிரிவுகள் இங்கும் பொருந்தும்' என்று எழுதிக் கடன் வாங்கினார்கள். பிறகு ஒவ்வொரு ஊர் மாநகராட்சி ஆகும்போதும் ஒரு புதுச் சட்டம். 2021-ல் கடலூர், தாம்பரம், காஞ்சிபுரம், கரூர், கும்பகோணம், சிவகாசி என ஆறு ஊர்கள் மாநகராட்சி ஆனபோதும் இதே கதைதான்.

அதாவது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் நூறு வருடம் ஒட்டுப்போட்டே வண்டியை ஓட்டினோம். எந்த ஊருக்கு எந்தப் பிரிவு, எந்தத் திருத்தம் என்று கண்டுபிடிக்கவே ஒரு வக்கீல் வேண்டும்.

இதையெல்லாம் ஒன்றாகக் கட்டத்தான் 1998-ல் சட்டமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் 2000-ல் அதை நிறுத்திவைத்தார்கள். இருபது வருடத்துக்கும் மேல் பரணில் கிடந்தது. 2022-ல் பெரிய திருத்தங்கள் செய்து, 2023-ல் விதிகளையும் சேர்த்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டங்கள் விடைபெற்றன.

சரி, நமக்கு என்ன மாறுகிறது?

முதல் லாபம், தெளிவு. சொத்து வரியை எடுத்துக்கொள்வோம். வருடத்தில் இரண்டு அரையாண்டுகள்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. கடலூரில் இருந்தாலும் அண்ணாமலை நகரில் இருந்தாலும் இதுதான் விதி. சொந்த ஊரில் அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு, சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு ஆன்லைனில் வரி கட்டுகிறவர்கள் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை மறக்காமல் இருந்தால் காசு மிச்சம்.

இரண்டாவது, பங்கேற்பு. வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற இரண்டு ஏற்பாடுகளுக்கு 2022-ல் விதிகள் வந்தன. கிராமத்துக்கு கிராம சபை எப்படியோ, நகரத்துக்குப் பகுதி சபை அப்படி. நவம்பர் 1-ம் தேதியை உள்ளாட்சி தினமாக அறிவித்து, 2022-ல் அந்த நாளில் பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன.

மூன்றாவது, பிரதிநிதித்துவம். பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-லேயே சட்டமாகிவிட்டது. 2025-ல் வந்த திருத்தம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன இடம் தருகிறது. பேரூராட்சி மன்றத்திலும் இனி ஒரு மாற்றுத்திறனாளி உட்கார்ந்து, சாய்தளம் இல்லாத அலுவலகத்தைப் பற்றி நேராகவே கேட்கலாம். வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

சிக்கல் எங்கே?

மூட்டை கட்டுவதில் ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. வசதி, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆபத்து, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சட்டம் என்றால் சட்டமன்றத்தில் விவாதம் நடக்கும். குறைந்தபட்சம் செய்தியாவது வரும். ஆனால் கட்டணம் எவ்வளவு, அதிகாரம் யாருக்கு, விண்ணப்பம் எப்படி என்பதையெல்லாம் முடிவு செய்வது பெரும்பாலும் விதிகளும் அரசாணைகளும்தான். அவை அரசிதழில் வரும்; நம் வாட்ஸ்அப்புக்கு வராது. ஒரே சட்டம் என்றால், ஒரு வரியை மாற்றினாலும் கும்மிடிப்பூண்டி முதல் குமரி வரை மாறும். 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது அதைப் பார்த்தோம். சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்ற அளவு மேலிருந்து வந்தது. மன்றங்கள் தீர்மானம் போட்டன. உள்ளூரில் அதைப் பற்றி எவ்வளவு பேச முடிந்தது?

அண்ணாமலை நகர் மாதிரி ஊருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம்தான் இந்த ஊரின் உயிர். பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. வகுப்பறை, விடுதி, ஆஸ்பத்திரி என்று ஊரின் பெரும்பகுதி கல்விக்கானது. வணிக வளாகங்கள் நிறைந்த ஊரைப் போல இங்கே வரி வருமானத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் குப்பையும் கழிவுநீரும் மாணவர்களையும் சேர்த்துத்தான் உருவாகின்றன. அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு சொந்த ஊரில். நாலு வருடம் இங்கேயே தங்கிப் படித்தாலும், பகுதி சபைக் கணக்கில் அவர்கள் விருந்தாளிகள். எல்லா ஊருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை, பல்கலைக்கழக ஊருக்குப் பொருந்துகிறதா என்று யாராவது அளந்து பார்க்க வேண்டாமா?

மழைத் தண்ணீருக்கும் எல்லை தெரியாது. பாசிமுத்தான் ஓடையும் கான் சாகிப் வாய்க்காலும் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று பார்த்துப் பார்த்து ஓடுவதில்லை. நகராட்சிக்கு ஆணையர், பேரூராட்சிக்குச் செயல் அலுவலர், ஓடைக்கு நீர்வளத் துறை. நகர உள்ளாட்சிச் சட்டம் ஒன்றாகிவிட்டது, பொறுப்பு ஒன்றாகவில்லை. பக்கத்துக் கிராமங்களுக்கு இன்னமும் 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம்தான்.

பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

ஊரின் தகுதியை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 2004-ல் 561 பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சிகள் ஆக்கினார்கள். 2006-ல் மறுபடியும் பேரூராட்சிகள். இப்போது கிராமங்களை நகரங்களோடு சேர்க்கும் காலம். சேர்ந்தால் ரோடும் குடிநீரும் வரும் என்பது ஒரு பக்கம். வரி உயரும், ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் உண்டு. அதனால்தான் சம்பந்தப்பட்ட மக்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், தேர்தல். ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது 74-வது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் கட்டளை. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19-ல்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்களின் ஆட்சி. கடலூர் மாவட்டக் கிராம ஊராட்சிகளிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். இப்போதைய நகர மன்றங்களின் ஐந்தாண்டு கெடு 2027 மார்ச் தொடக்கம். மக்கள் பிரதிநிதியே இல்லாத மன்றத்தில், எவ்வளவு நல்ல சட்டமும் வெறும் காகிதம்தான்.

என்ன செய்ய வேண்டும்?

அரசு செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, விதிகளையும் அவ்வப்போது வரும் திருத்தங்களையும் எளிய தமிழில், போனில் படிக்கிற மாதிரி, ஒரே இடத்தில் வெளியிட வேண்டும். இரண்டு, எல்லை தாண்டும் வடிகால், குப்பைக் கிடங்கு போன்றவற்றுக்கு பக்கத்துப் பக்கத்து உள்ளாட்சிகள் சேர்ந்து உட்காரும் கூட்டுக் குழு அமைக்க வேண்டும். சிதம்பரம் வட்டாரம் அதற்கு நல்ல தொடக்கமாக இருக்கும். மூன்று, வார்டு மறுவரையறையைச் சாக்காகச் சொல்லித் தேர்தலைத் தள்ளக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார், பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், அடுத்த வரி ரசீது வரும்போது அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அங்கேயும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மூட்டையைக் கட்டியது சட்டமன்றம். அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை நம்முடையது.