முடி உண்டு, கோல் எங்கே?

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும் என்பது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் உணர்த்தும் நெறி. இந்நெறியை மறந்தது அமெரிக்க வல்லரசு. ஈராக்கில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் உள்ளன என்று செருமானிய உளவுத்துறையிடம் ஒருவன் சொன்ன பொய்யை, அவனை நேரில் வினவாமலே அது நம்பியது. 2003இல் போர் மூண்டது. கூடங்களோ கிடைக்கவே இல்லை.

அதற்கு முன்பே, 2001 செப்டம்பர் 11இல் நிகழ்ந்த தாக்குதல் மற்றொரு குறையைக் காட்டியிருந்தது. உளவமைப்புகள் தாம் அறிந்தவற்றைத் தம்முள் பகிர்ந்துகொள்ளவில்லை. இக்குறைகளுக்கு மருந்தாக 2004 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமே தேசிய உளவுத்துறை இயக்குநர் பதவியைத் தோற்றுவித்தது. அதுவரை சி.ஐ.ஏ.வின் தலைவரே அனைத்து உளவமைப்புகளுக்கும் தலைவராக விளங்கினார். இரு சுமையை ஒரு தோள் தாங்காது என்று கண்டு பிரித்தது சரியே.

ஆயின், முடி சூட்டியவர்கள் கோலைக் கொடுத்தார்களா? உளவுச் செலவின் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் கீழுள்ள அமைப்புகளிடமே தங்கிற்று. துறைத் தலைவர்களின் சட்டவழி உரிமைகளுக்கு ஊறு நேரலாகாது என்ற விதியும் அச்சட்டத்திலேயே நுழைந்தது. அயல்நாடுகளில் உளவுப் பிரதிநிதிகளை நியமிப்பவர் யார் என்ற பூசல் 2009இல் எழுந்தபோது, வெள்ளை மாளிகை சி.ஐ.ஏ.வின் பக்கமே நின்றது. அடுத்த ஆண்டே இயக்குநர் டென்னிஸ் பிளேர் பதவி துறந்தார். 2005 முதல் 2010 வரை அந்நாற்காலியில் அமர்ந்து எழுந்தவர் மூவர்! பழி சுமக்க ஒருவர், பணம் ஆள மற்றொருவர் என்றால் அதற்குச் சீர்திருத்தம் என்றா பெயர்?

அதிகாரம் ஒருவரிடம் குவிந்தால் குடிமக்களின் உரிமை பறிபோகும் என்பர் சிலர். அவ்வச்சம் வீணன்று. இலட்சக்கணக்கான அமெரிக்கரைப் பற்றிய தரவுகள் தெரிந்தே திரட்டப்படுவதில்லை என்று 2013 மார்ச்சில் செனட் குழுவின்முன் கூறினார் அன்றைய இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர். அதே ஆண்டு ஜூன் திங்களில் எட்வர்ட் ஸ்னோடன் வழி வெளிவந்த ஆவணங்கள் அக்கூற்றைப் பொய்யாக்கின. எனினும் இந்நோய்க்கு மருந்து வலுவற்ற தலைமை அன்று. அஞ்சாது வினவும் மன்றமே.

எனவே, நிதியில் உறுதியான பிடியும், உயர் நியமனங்களில் இசைவுரிமையும், வரையறுத்த பதவிக்காலமும் இயக்குநருக்கு வேண்டும். அவற்றோடு மக்கள் மன்றத்துக்கு மறைக்காமல் விடையிறுக்கும் கடமையும் வேண்டும். ஆள்வோர் விரும்பும் செய்தியை அன்று, உள்ள செய்தியை உரைக்கும் துணிவே அப்பதவியின் உயிர். அத்துணிவுக்கு அரண் அமைக்காத சீர்திருத்தம் வெறும் பெயர்ப்பலகை மாற்றமே.