இரைச்சலுக்குக் காரணம் யார்?



காலையில் பள்ளிக்குச் செல்லும் வழியில், கைப்பேசியைக் கம்பிவழி மகிழுந்தின் வானொலிப் பெட்டியோடு இணைத்து, என் மகனுக்குத் தமிழ்க் கதைகளை ஒலிக்கவிடுவது என் வழக்கம். சென்ற மாதம் ஒருநாள், கதையோடு சேர்ந்து 'கீ...' என்னும் இரைச்சலும் கிளம்பியது. வேகமிதியை அழுத்த அழுத்த அதன் சுருதியும் ஏறியது.

“கம்பியை இழுத்து இழுத்து நீதான் கெடுத்துவிட்டாய்!” என்று மகனைக் கடிந்துகொண்டேன். புதுக் கம்பி வாங்கினேன், இரைச்சல் அகலவில்லை. கடைக்காரர் ஒருவரோ, பெட்டியையே மாற்ற வேண்டும் எனச் சில நூறு ரிங்கிட் விலை கூறினார்.

ஆறாம் ஆண்டு பயிலும் மகன் தயங்கியபடியே கேட்டான்: “அப்பா, ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும்தானே மாற்றிப் பார்க்க வேண்டும்?”

தலை குனிந்தேன். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆண்டுதோறும் வகுப்பில் முழங்குபவன் நான்.

அன்று மாலையே இருவரும் சோதனையில் இறங்கினோம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதையை ஒலிக்கவிட்டோம், இரைச்சல் இல்லை. இயந்திரத்தை முடுக்கினோம், வந்தது. அடுத்து, கைப்பேசியின் மின்னேற்றியை மட்டும் கழற்றினோம், இரைச்சல் மறைந்தது! மீண்டும் செருகினோம், மீண்டும் வந்தது. இறுதியாக, மின்னேற்றியைக் கழற்றிவிட்டுப் பழைய கம்பியைப் பொருத்தினோம். ஒலி தெளிவாகவே இருந்தது. இரைச்சல் தொடங்கிய வாரத்தில்தான் அம்மின்னேற்றியை நான் வாங்கியிருந்தேன். பிள்ளை குற்றமற்றவன்.

காரணம் இதுதான். கைப்பேசியிலிருந்து மகிழுந்தின் உடலுக்கு இரண்டு புவியிணைப்பு வழிகள் உண்டாகிவிடுகின்றன. ஒன்று மின்னேற்றி வழியே. மற்றொன்று ஒலிக்கம்பியின் வழியே. இவ்விரு முனைகளுக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும், ஒலிக்கம்பியில் வேண்டாத மின்னோட்டம் பாயும். இயந்திரத்தோடு சுழலும் 'ஆல்டர்னேட்டர்' உண்டாக்கும் அதிர்வு அதில் ஏறிக்கொள்வதால்தான் வேகத்திற்கேற்பச் சுருதி மாறுகிறது. இதனைக் 'கிரவுண்ட் லூப்' என்பர். தமிழில் புவியிணைப்புக் கண்ணி எனலாம்.

தீர்வும் எளிதே. கதை கேட்கும்போது மின்னேற்றியைக் கழற்றிவிடலாம். கையடக்க மின்கலத்திலிருந்து மின்னேற்றலாம். அல்லது 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்னும் சிறு கருவியை ஒலிக்கம்பியின் இடையே பொருத்தலாம். அதனுள் இருக்கும் மின்மாற்றி, இரு பக்கக் கம்பிகளும் நேரடியாகத் தொடாமலே ஒலிக்குறிப்பைக் கடத்திவிடும். அதன் விலை, கடைக்காரர் கேட்டதில் ஒரு சிறு பங்குதான்.

எல்லா இரைச்சலும் இவ்வகையன்று. கம்பியை அசைத்தால் மட்டும் கரகரத்தால் செருகியைப் பாருங்கள். வேகத்தோடு மாறாமல் 'உஸ்' என்று ஒலித்தால், கைப்பேசியின் ஒலியளவைக் கூட்டிப் பெட்டியின் ஒலியளவைக் குறைத்துப் பாருங்கள். கைப்பேசியிலிருந்து கம்பியை எடுத்து முனையை எதிலும் படாமல் வைத்தும் சுருதி மாறும் ஓசை நீடித்தால், மகிழுந்தின் கம்பியமைப்பிலேயே பழுது இருக்கலாம். அதன் பிறகே கடைக்குச் செல்லுங்கள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. ஆயினும், மாறிகளைத் தேர்வு விடையாக மனனம் செய்விக்கும் பழக்கம் நம்மிடமிருந்து முற்றாக அகலவில்லை என்பதே என் கருத்து. அறிவியல் செயற்பாங்குத் திறன் பயிற்சி நூலோடு முடிவதன்று. வீட்டில் மின்விசிறி நின்றாலும், மிதிவண்டி கிறீச்சிட்டாலும், ஆபத்தில்லாத சோதனைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் காட்டிய நெறியன்றோ?

பழுதைக் கண்டவுடன் பிள்ளையின் மேல் பழி சுமத்துவது எளிது. சோதித்துப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும். அன்றிரவு என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அப்பா, நாளைக்குக் கதை போடுவீர்கள்தானே?” என்றான்.

சிந்திப்போம்.