பெயிண்ட் காசு யார் கணக்கில்?

காலி செய்பவரின் அட்வான்ஸில் பெயிண்டுக்காக ஒரு மாத வாடகையைப் பிடிப்பது நியாயம்தானே என்கிறார்கள் சென்னை வீட்டு உரிமையாளர்கள். இல்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்பட்டால் குழாயையும் ஒயரிங்கையும் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருக்கு. பிள்ளை சுவரெல்லாம் கிறுக்கியிருந்தால் தாராளமாகப் பிடியுங்கள். வருடக்கணக்கில் தானாக வெளுத்த சுவருக்கு அவர் என்ன செய்வார்?

"வரும் வாடகையில் பராமரிப்புக்கு ஏது மிச்சம்?" என்ற புலம்பலும் செல்லாது. வருமான வரிக் கணக்கில், சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம், பில்லும் காட்ட வேண்டாம். அந்தச் சலுகையையும் வாங்கிக்கொண்டு பெயிண்ட் காசையும் பிடிப்பது ஒரே செலவுக்கு இரண்டு வசூல். (அடிக்காத பெயிண்டுக்குப் பிடிப்பவர்களை என்ன சொல்வது? அதே சுவரைத்தான் அடுத்த குடித்தனத்துக்கும் காட்டுகிறார்கள்.)

முதலீடு என்று வாங்கிய வீட்டின் தேய்மானம் முதலீட்டாளர் கணக்கில்தான் ஏற வேண்டும். குடிவருபவர்களே, ஒப்பந்தத்தில் பெயிண்ட் பிடித்தம் என்ற வரி இருந்தால், அதை நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.