பழைய இன்ஜினை விற்பவருக்கும் பொறுப்பு உண்டு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் நாகை அக்கரைப்பேட்டையில் பட்டறைகளுக்கு ஓய்வில்லை. பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, பழைய இன்ஜினை இறக்கிப் புதியதை ஏற்றுவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். புது இன்ஜினுக்குப் பணம் புரட்டும் அலைச்சலில், இறக்கியதை யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். விசைப்படகு வைத்துப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன்: அந்த இன்ஜின் இன்னொரு படகில் ஏறி, இன்னும் பல ஆண்டு ஆட்களைக் கடலுக்குக் கொண்டுபோகப் போகிறது. அதன் குறைகளை எழுதிக் கொடுக்காமல் விற்பதை இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ஆண்டு எங்கள் படகிலிருந்து இறங்கிய ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கேட்டு வந்தவர்கள் எல்லோருமே தெற்கே மல்லிப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கத்துச் சிறிய படகுக்காரர்கள். புதிது வாங்க வசதியில்லாமல், மனைவியின் நகையை அடகு வைத்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் தொழில் செய்வது பாக் நீரிணையில். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட கடல் எல்லை அங்கே சில மணி நேர ஓட்டத்தில் வந்துவிடும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம்தான் படகு போகும். எல்லை தாண்டிவிட்டால் கைது, சிறை, படகு பறிமுதல். இலங்கை 2018-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் கடுமையாக உயர்த்திவிட்டது. நாகையில் மறைக்கப்பட்ட ஒரு கோளாறுக்கு ஜெகதாப்பட்டினத்துக் குடும்பம் விலை கொடுப்பது இப்படித்தான்.

இப்போது விற்பனை நடக்கும் விதத்தைப் பாருங்கள். பட்டறை மூலையில் இரண்டு மரக்கட்டைமேல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். மேலே புதுப் பெயின்ட். வாங்க வந்தவர் ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்ப்பார், ஆயில் கேஜை இழுத்துப் பார்ப்பார், தரகர் சொல்லும் கதையைக் கேட்பார். அதற்குமேல் அவரால் என்ன தெரிந்துகொள்ள முடியும்? சுமையில்லாமல் ஓடும்போது தேய்ந்த இன்ஜினும் இனிமையாகத்தான் கேட்கும். ஷாஃப்ட் சுற்றி, புரொப்பல்லர் தண்ணீரை உதைத்து, படகு நகரும்போதுதான் அதன் உண்மையான பலம் வெளிவரும்.

ஆகவே இன்ஜினை விற்க வேண்டிய நேரம், அது படகில் இருக்கும்போதே. தடைக்காலம் தொடங்குமுன், மார்ச் மாதத்திலேயே வாங்குபவரையும் அவருடைய மெக்கானிக்கையும் வரவழைத்தேன். முதல் நாள் மாலையிலிருந்து இன்ஜினைத் தொடவில்லை; காலையில் குளிர்ந்து கிடந்ததை அவர்கள் கையாலேயே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். முன்கூட்டியே சூடாக்கி வைத்த இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். பிறகு கடுவையாற்று முகத்துவாரம் தாண்டி முழு வேகத்தில் ஓட்டிக் காட்டினோம். இன்ஜின் தகட்டில் போட்டிருக்கும் சுற்றை எட்டுகிறதா, தண்ணீர்ச் சூடு எங்கே நிற்கிறது, சூடேறிய பின் ஆயில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அவர்களே குறித்துக்கொண்டார்கள்.

புகையையும் பார்த்தார்கள். ஓட ஓட நீலமாகவே வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று பொருள். கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நாசிலையும் பில்டரையும் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் கம்ப்ரெஷன் குறைவாக இருக்கலாம், சிலிண்டருக்குள் தண்ணீரே இறங்கலாம். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கும் சந்தேகம் வலுக்கும். இவையெல்லாம் எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்தவைதான். பார்க்க வாய்ப்புக் கொடுப்பதுதான் விற்பவரின் கடமை.

ஓட்டிக் காட்டியதோடு ஒரு தாளும் எழுதிக் கொடுத்தேன். இன்ஜின் எண், கடைசியாக லைனர்-பிஸ்டன் போட்ட ஆண்டு, கிராங்கை எத்தனை முறை கிரைண்டிங் கொடுத்தோம், பம்ப் எப்போது பார்த்தோம், கியர் பாக்ஸின் ரேஷியோ என்ன எல்லாம் அதில் இருந்தன. ஹீட் எக்ஸ்சேஞ்சர் ட்யூப்களை உப்பு அரித்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்பதையும் எழுதினேன். ரேஷியோ முக்கியம். அது பொருந்தாமல், தன் படகில் இருக்கும் பழைய புரொப்பல்லரையே அவர் மாட்டினால், நல்ல இன்ஜினும் திணறிச் சூடாகும். பழி இன்ஜின்மேல் விழும்.

குறையைச் சொன்னால் விலை விழும் என்பார்கள். விழுந்தது, ட்யூப் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டுதான் அவர் பணம் கொடுத்தார். அது அவருக்குச் சேர வேண்டிய பணம். எதுவும் தெரியாமல் வாங்குகிறவர் எல்லாமே கெட்டிருக்கும் என்று கணக்குப் போட்டு அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். வாய்ப்பேச்சு மட்டும் புழங்கும் சந்தையில் ஒழுங்காகப் பராமரித்தவனுக்கும் நல்ல விலை கிடைப்பதில்லை, லாபம் தரகருக்கு.

சில இன்ஜின்களை இன்னொரு படகில் ஏற்றவே கூடாது. பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, இனி கிரைண்டிங் தாங்காத அளவுக்குக் கிராங்க் தேய்ந்திருந்தாலோ, பம்ப், நாசில், ஸ்டார்ட்டர், கியர் பாக்ஸ் என்று பிரித்து விற்றுவிட்டு மிச்சத்தை இரும்புக் கடைக்கு அனுப்புங்கள். நன்றாக இருக்கும் இன்ஜினையும் இறக்கிய கையோடு கடல்நீரை வடித்து, அது ஓடும் குழாய்களை நல்ல தண்ணீரால் கழுவி, புது ஆயில் ஊற்றி, காற்றும் புகையும் போகும் வாய்களை அடைத்து வையுங்கள். திறந்து போட்டால் சில வாரங்களில் உப்புக் காற்று சிலிண்டரைத் துருப்பிடிக்க வைத்துவிடும். வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிட வேண்டும்.

தனி மனிதர்களின் மனசாட்சியை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் விசைப்படகுகளை ஆய்வு செய்கிறார்கள். மாநில அரசின் 2020 கடல் மீன்பிடி விதிகளின்படி இன்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது என்பதால் அதையும் பார்க்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, படகில் ஏறும் இன்ஜினுக்குத்தான் கணக்கு. இறங்கிய இன்ஜின் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை. அதே ஆய்வின்போது இறங்கிய இன்ஜினின் எண்ணையும், அதை வாங்கியவரின் படகுப் பதிவெண்ணையும் குறித்துக்கொள்வதில் என்ன சிரமம்?

பரிசோதனைக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. சென்னையில் மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிலையத்தின் பிரிவு இருக்கிறது. தடைக்காலத்தில் மாணவர்களை மீன்பிடித் துறைமுகங்களுக்கு அனுப்பி, நியாயமான கட்டணத்தில் கம்ப்ரெஷன் சோதித்து, ஆயிலில் இரும்புத் துகளும் உப்பும் எவ்வளவு என்று பார்த்துச் சான்று கொடுக்கச் செய்யலாம். மாணவர்களுக்குப் படிப்பு, மீனவர்களுக்குப் பாதுகாப்பு.

அரசு செய்யும்வரை படகு உரிமையாளர் சங்கங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடைக்காலத்துக்குள் ஒரு பொதுப் படிவத்தை அச்சடித்து, அது இல்லாமல் எந்தப் பழைய இன்ஜினும் நம் துறைமுகத்தை விட்டுப் போகக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தண்ணீரில் ஓட்டிக் காட்டாத இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.